ஒரே ஒரு வாஷ் பாக்கி

அத்தியாயம் 14

போன வாரம் நீங்கள் என்னை விட்டுவிட்டுப் போன இடத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாட்டு மேஜை, மேஜை மேல் பழைய செய்தித்தாள், செய்தித்தாள் மேல் அரைச் சாண் அகலத்தில், ஒரு சாணுக்கும் குறைவான நீளத்தில், ஒரு போர் விமானம். இந்த ஏழு நாளில் அது நன்றாக அழுக்காகியிருக்கிறது. முன்னேற்றம் என்று பார்த்தால் அவ்வளவுதான்.

அழுக்காக்குவதுதான் வேலையே.

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில், பெயிண்ட் பிரிவில், முப்பத்து நாலு வருஷம் இருந்தவன் நான். பழைய பெட்டிகளைப் புதுசாக்கி அனுப்புவோம். நான் பெயிண்ட் அடித்த பெட்டியில் தன் முகத்தைப் பார்த்துத் தலைவாரிக்கொண்ட ஸ்டேஷன் மாஸ்டர்கள் உண்டு. ஒருத்தர் ஷேவிங்கே முடித்துவிட்டார். அப்படிப்பட்ட இந்த வால்டர், அறுபத்து நாலாவது வயதில், புத்தம் புதுசாகப் பெட்டியிலிருந்து பிரித்து ஒட்டிய பிளாஸ்டிக் விமானத்தை, இருபது வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்றது போல ஆக்க வேண்டும். கை கேட்கமாட்டேன் என்கிறது. எங்கே கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் தானாகப் போய் மெருகேற்றுகிறது. இடது கையால் வலது கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது.

எல்லாம் என் வாயால் வந்த வினை.

என் மனைவி மோலியின் அண்ணன் கார்ல், ஏர்ஃபோர்ஸில் இருபது வருஷம் மிக் விமானங்களைப் பழுது பார்த்துப் பறக்க அனுப்பியவர். ஓட்டியவர் இல்லை, தரையில் நின்று, இது பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருடைய பேத்தியின் ஞானஸ்நான விருந்தில் என் கையில் யாரோ மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆளைத்தான் முதலில் பிடித்து உள்ளே தள்ளியிருக்க வேண்டும். "எங்க மச்சான் ஏர்ஃபோர்ஸ்ல என்ன பண்ணாருன்னு எல்லாரும் கேக்கறீங்க. ப்ளேன் கழுவினாரு" என்றேன். முந்நூறு பேர் சிரித்தார்கள். வந்ததே நூற்றிருபது பேர்தான் என்று மோலி திருத்துவாள். இருக்கலாம். சிரிப்பு முந்நூறு பேருடையது.

கார்ல் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். அன்றிலிருந்து நான் அவருக்கு 'மாப்ளே' இல்லை. 'மிஸ்டர் வால்டர்.' தொலைபேசியில் தங்கையிடம்கூட "மிஸ்டர் வால்டர் நல்லா இருக்காரா" என்றுதான் விசாரிப்பார். வருமான வரிக்காரர்கள்கூட என்னை அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

இப்போது எங்கள் ஒரே மகள் நிம்மிக்குக் கல்யாணம். இன்னும் பதினைந்து நாள். எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் மாலை போட்ட பிறகுதான் பெண் வீட்டுப் படி இறங்கி சர்ச்சுக்குப் புறப்படுவாள். மாமா வராவிட்டால் தான் படி இறங்கப் போவதில்லை என்று நிம்மி சொல்லிவிட்டாள். அவள் நர்ஸ். ஊசி போடும்போது எப்படி நிதானமாகப் பேசுவாளோ, அதே நிதானத்தில் சொன்னாள். எனக்கு அப்போதே வலித்தது.

மன்னிப்பு என்ற சொல் என் வாயிலிருந்து வெளியே வராது. பல் செட் தடுக்கிறது. அதனால்தான் இந்த விமானம். கார்ல் கையெழுத்துப் போட்டு அனுப்பிய அதே மிக், அதே பச்சை, அதே சாம்பல் நிறம், அதே அழுக்கு. சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட வருவதாக, தங்கை கெஞ்சியதற்காக, ஒப்புக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் இதை அவர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வது என் திட்டம். இரண்டாவது பகுதிதான் கடினம்.

அந்தச் சனிக்கிழமைதான் இன்று.

காலை ஆறு மணிக்கே விமானம் அருமையாக நாறிப்போய் நின்றது. பின்பக்கத்துப் புகைக்கு நிம்மி இமையில் பூசும் கறுப்பு ஐ ஷேடோ. பெயிண்ட் உரிந்து உலோகம் தெரிகிற இடங்களுக்குப் பென்சில் முனையைச் சீவிய தூள். வயிற்றுப் பக்கம், சக்கரத்துக்குப் பின்னால், பழுப்பாக ஒரு எண்ணெய்க் கறை. அந்தக் கறைதான் முக்கியம். அந்த விருந்துக்கு முன்னால்வரை அதைப் பற்றி கார்ல் சொல்லாத கிறிஸ்துமஸ் கிடையாது. கறையின் நீளத்தைப் பார்த்தே விமானம் பறக்குமா பறக்காதா என்று சொல்லிவிடுவாராம். ஒரு நாள் கறை வழக்கத்தைவிட நீளமாக இருந்ததால், மேலதிகாரி கத்தியும் கையெழுத்துப் போட மறுத்தாராம். பிரித்துப் பார்த்தால் உள்ளே குழாயில் விரிசல். அன்று பறக்க இருந்த பைலட் இன்றுவரை வருஷா வருஷம் அவருக்குப் பிளம் கேக் அனுப்புகிறார். நான் அந்தக் கதையை நாற்பது தடவை கேட்டிருக்கிறேன். சரியாகச் சொன்னால், நாற்பது தடவை அந்தக் கேக்கைத் தின்றிருக்கிறேன்.

நிம்மி ஆறரை மணிக்கு டியூட்டிக்குக் கிளம்பும்போது விமானத்தைக் கவிழ்த்து வைத்து, கறையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு போனாள். நன்றாக வந்திருக்கிறதப்பா என்றாள். நான் ஓர் அடி உயர்ந்தேன்.

இனி இரண்டே வேலை. ஒன்று, வயிற்றுப் பக்கம் ஒரே ஒரு வாஷ். இரண்டு, தூளெல்லாம் உதிராமல் பூட்டி வைக்க மேலே பளபளக்காத மேட் வார்னிஷ்.

வாஷ் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தக் கலையில் வாஷ் என்றால் கழுவுவது இல்லை. கறுப்பும் பழுப்பும் கலந்த பெயிண்டைத் தண்ணீராகக் கரைத்து, தகடுகள் சேரும் கோடுகளில் பிரஷ்ஷால் ஒரு சொட்டு தொட்டால், அது தானாகவே கோடு நெடுக ஓடித் தங்கிவிடும். பார்ப்பவர்களுக்குப் பல வருஷத்து அழுக்குப் போலத் தெரியும். அழுக்குச் சேர்ப்பதற்கு வாஷ் என்று பெயர் வைத்த மனிதர் மட்டும் என் கையில் கிடைத்தால், நான் கேட்பதற்குள் மோலி கேட்டுவிடுவாள்.

வார்னிஷ் தீர்ந்துபோயிருந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கள் வீடிருக்கும் விஜயநகரிலிருந்து மார்க்கெட் பக்கத்துத் தேவராஜ மொஹல்லாவுக்குப் போனேன். அங்கே மஞ்சுநாத்தின் பெயிண்ட் கடையில் இல்லாத டப்பா கிடையாது; அதை அவர் தேடி எடுப்பதற்குள் நமக்கு இன்னொரு முறை ரிட்டயர்மென்ட் வந்துவிடும். அவர் ஏணியில் ஏறி நிற்கையில் மோலி போன் செய்தாள். மார்க்கெட் பக்கத்திலிருந்து மூட்டைக்காரர்கள் வழிவிடச் சொல்லிக் கன்னடத்தில் கத்திக்கொண்டு வந்தார்கள். வெங்காயம் நறுக்க மேஜை வேண்டுமாம் மோலிக்கு, விமானத்தை நகர்த்தலாமா என்று கேட்டாள்.

இந்தக் குடும்பத்தின் சரித்திரத்தில் அந்தப் பதில் இனி எப்போதும் இருக்கும். நான் சொன்னது இதுதான்:

"நகர்த்திக்கோ மோலி. ஆனா அதுக்கு ஒரே ஒரு வாஷ் பாக்கி. அது ஆனாத்தான் உங்க அண்ணன் கண்ணுல காட்ட முடியும்."

மோலி பள்ளிக்கூட ஹாஸ்டலில் இருபத்தெட்டு வருஷம் வார்டனாக இருந்தவள். நானூறு பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் பார்த்தவள். எங்கள் வீட்டுக்குள் தூசி கடைசியாக நுழைந்தது தொண்ணூற்றாறில். அதன் வம்சத்தையே பிறகு யாரும் பார்க்கவில்லை. ஒரு வாரமாக மேஜை நடுவில் புகையும் எண்ணெயுமாக ஒன்று நிற்பதை, கணவன் மனம் நோகக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சகித்திருக்கிறாள். அப்படிப்பட்டவளிடம் போய் ஒரு வாஷ் பாக்கி என்று சொன்னால்?

திரும்பி வந்தபோது மணி பத்து பத்து. மேஜை சுத்தமாக இருந்தது. விமானம் இல்லை. சமையலறையில் எட்டிப் பார்த்தேன்.

தொட்டிக்குப் பக்கத்தில் பாத்திரம் வடியும் கூடை. அதில் நான்கு டம்ளர், ஒரு ஜல்லடை, இரண்டு கரண்டி. கரண்டிகளுக்கு நடுவில், வயிறு மேலே தெரியும்படி, எலுமிச்சை வாசனையோடு, மிக்.

புகை இல்லை. பென்சில் தூள் இல்லை. கறை இருந்த இடத்தில் என் மூக்கு தெரிந்தது. நேற்றுத் தொழிற்சாலையிலிருந்து இறங்கியது போலப் பளபளவென்று நின்றது. முப்பத்து நாலு வருஷம் நான் எதற்காக உழைத்தேனோ அது.

மோலி பெருமையாக நின்றாள். மூக்கு நுனியில் ஊசி மாதிரி இருக்கிறதே, அது உடைந்துவிடக் கூடாது என்று பழைய டூத் பிரஷ்ஷால் அரை மணி நேரம் பார்த்துப் பார்த்துத் தேய்த்தாளாம். பாத்திர சோப்பில் இரண்டே சொட்டுதானாம். என் முகத்தைப் பார்த்த பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நீங்கதானே வாஷ் பாக்கின்னு சொன்னீங்க?"

நான் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு உடனே தோன்றியது கறை போயிற்றே என்பதல்ல. ப்ளேன் கழுவினவர் என்று யாரைச் சொல்லிச் சிரித்தேனோ, அவருக்குக் கழுவிய ப்ளேனைக் கொடுக்கப் போகிறேன். சிரிக்க முந்நூறு பேர் வேண்டாம், இந்த முறை கூடையிலிருந்த நான்கு டம்ளரும் இரண்டு கரண்டியும் போதும்.

மோலிக்கு அது அப்போதுதான் உறைத்தது. ஈரக் கையை வாயில் வைத்துக்கொண்டாள். மணி பத்து இருபது. ஒரு மணிவரை நேரம் இருக்கிறது, மறுபடி செய்துவிடலாம், ஹேர் ட்ரையர் வைத்துக் காய வைக்கலாம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு எழுந்தபோது கேட் சத்தம் கேட்டது.

கார்ல், ஒரு மணிக்கு வா என்றால் பன்னிரண்டு ஐம்பத்தொன்பதுக்குக் கேட்டில் நின்று, ஒரு நிமிஷம் காத்திருந்து மணி அடிக்கிறவர். நேரம் மாறி அவர் எங்கும் போய் நான் பார்த்ததில்லை. இன்று பத்து இருபதுக்கு, ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பஸ் பிடித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு எங்கள் கூடத்தில் நிற்கிறார். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்கக்கூட எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

தங்கையைப் பார்த்துத் தலையசைத்தார். தண்ணீர் குடிக்க நேராகச் சமையலறைக்கு வந்தார். தடுப்பதற்காக நான் குறுக்கே போனேன். என் உடம்பு அந்தக் கூடையை மறைக்கப் போதுமான உடம்புதான், ஆனால் அவர் என்னைவிட அரை அடி உயரம்.

வெகுநேரம் பார்த்தார்.

"கழுவிட்டீங்க போல, மிஸ்டர் வால்டர்."

நான் வாஷ் என்றால் என்ன, மார்க்கெட்டில் என்ன சத்தம், ஐ ஷேடோ யாருடையது என்று ஒரே மூச்சில் சொல்லத் தொடங்கினேன். அவர் கையை லேசாக உயர்த்தினார். நிறுத்திவிட்டேன். அடுப்பில் குக்கர் மட்டும் விசில் அடித்தது. அதற்கு நிலவரம் தெரியாது.

விமானத்தைக் கூடையிலிருந்து இரண்டு கையாலும் எடுத்தார். மேஜைக்குக் கொண்டு போய், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடி மாட்டி, கவிழ்த்துப் பார்த்தார். சக்கரத்துக்குப் பின்னால் கட்டைவிரலால் தடவினார். விரலைப் பார்த்தார். விரலில் ஒன்றுமில்லை.

"கழுவினது தப்பில்ல" என்றார். "நாங்களும் சனிக்கிழமைதான் கழுவுவோம். அழகுக்கு இல்ல. கழுவித் தொடச்சு வெச்சாத்தான் திங்கக்கிழமை எங்க ஒழுகுதுன்னு தெரியும்."

மோலி அடுப்பை அணைத்தாள்.

"நீங்க அன்னிக்கு மைக்ல சொன்னது பொய்யில்ல. அதனாலதான் ஒண்ணும் பேச முடியாம எந்திரிச்சுப் போனேன்."

ஆறு வருஷமாக அவர் சொல்லாமல் வைத்திருந்தது அந்த இரண்டு வரிதான். அதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் தெரிந்தது. பல் செட் தடுத்தது.

கார்ல் பிரஷ் இருக்கிறதா என்று கேட்டார். ஓடினேன். இருக்கிறதிலேயே மெல்லிசான பிரஷ், பழுப்பு பெயிண்ட், கரைக்கத் தின்னர், எல்லாம் கொண்டுவந்து வைத்தேன். கல்யாணப் பத்திரிகை மேஜை ஓரத்தில், அவர் பெயர் எழுதி, தயாராக இருந்தது. அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு முழங்கையை ஊன்றினார். பிரஷ் முனையைப் பெயிண்டில் தொட்டார். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சொட்டு. அதைக் காற்றடிக்கும் திசையில் வால் பக்கம் இழுத்தார். ஒரு முறை. இரண்டு முறை. சுத்தமான வயிற்றில் அந்த ஒற்றைக் கறை உயிரோடு ஊர்வதுபோல் இருந்தது. நான் ஒரு வாரம் பாடுபட்டுச் செய்தது இதற்குப் பக்கத்தில் குழம்பு சிந்தியது மாதிரி.

அப்போதுதான் கவனித்தேன். அவர் போட்டது இடது பக்கம்.

நான் போட்டிருந்தது வலது பக்கம்.

விமானத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வேலை செய்தேனா, கவிழ்த்தால் அதன் இடம் வலம் மாறிவிடும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. இடது சக்கரம், இடது சக்கரம் என்று நாற்பது கிறிஸ்துமஸ் சொன்ன மனிதருக்கு, வலது சக்கரத்தில் கறையைப் போட்டு நீட்டியிருப்பேன். அவர் கதையை நான் எந்த லட்சணத்தில் கேட்டேன் என்பது ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். மோலி கழுவியது என்னைக் காப்பாற்றிவிட்டது. அந்தப் பாத்திர சோப்புக்கு மெழுகுவர்த்தி ஏற்றலாம் போல இருந்தது.

கார்ல் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கழுவறதுக்கு முன்னாடி நீங்க எந்தப் பக்கம் வெச்சிருந்தீங்க?"

"இதே பக்கம்தான் மச்சான்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இதே இடம், இதே நீளம். இடது சக்கரத்துக்குப் பின்னாடி. நீங்க சொன்ன கதைய நான் மறப்பேனா?"

"ஹௌதா" என்றார். அப்படியா என்பதைக் கன்னடத்தில் சொன்னார். அவர் கன்னடத்துக்கு மாறுவது பஸ் கண்டக்டரிடமும் அந்நியர்களிடமும்தான். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அது காதில் விழுந்தும் விழவில்லை.

பிரஷ்ஷைத் தின்னரில் அலசி, முனையைக் கூராக்கி வைத்தார். எழுந்தார். ஷூ அட்டைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, பஞ்சு பரப்பி, விமானத்தை அதில் வைத்தார். கறை காய நேரமாகும், தான் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சாப்பிட்டுவிட்டுப் போகும்படி மோலி கேட்டாள், பசியில்லை என்றார். பிரியாணியைக் கேரியரில் போட்டுக் கொடுக்கட்டுமா என்றாள், வேண்டாம் என்றார். கடைசியில் பத்திரிகையை நீட்டினாள்.

"ரெண்டு கையிலயும் விமானம் இருக்கு மோலி" என்றார்.

கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. பதினொன்றரை.

நான் கூடத்தில் ஒரு சுற்று நடனமே ஆடிவிட்டேன். விமானத்தை வாங்கிக்கொண்டு போகிறவர் மாலை போட வராமல் இருப்பாரா? மோலியை உட்கார வைத்து வலது பக்கத்து ரகசியத்தையும் சொன்னேன், நீ கழுவியதுதான் இந்தக் குடும்பத்தைக் கரை சேர்த்தது என்று. அவள் சிரிக்கவில்லை. பத்திரிகையை மேஜையில் நேராக வைத்தாள். பிறகு மறுபடியும் நேராக வைத்தாள். அண்ணன் சாப்பிடவில்லை என்றாள். ஆறு வருஷத்துக்கு முன்னாலாவது பாதி சாப்பிட்டார் என்றாள்.

நிம்மி மூன்று மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே மாமா எங்கே என்று கேட்டாள். கதையைச் சொன்னேன், உரிய அலங்காரங்களோடு. பாதியில் அவள் முகம் மாறியது. ஆஸ்பத்திரியில் போன் லாக்கரில் இருக்குமாம். டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போதுதான் மாமாவிடமிருந்து வந்திருந்ததைக் கேட்டாளாம். காலையில் எடுத்த படத்தை அப்போதே மாமாவுக்கு அனுப்பியிருக்கிறாள். அப்பா உங்களுக்காகச் செய்தது என்று இங்கிலீஷில் எழுதி. ஏழு மணிக்கே அவர் பதில் அனுப்பியிருக்கிறார். நிம்மிக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் குரல் பதிவாக.

போனை மேஜை மேல் வைத்து அழுத்தினாள். பின்னால் ஒரு சேவல் கூவியது. பிறகு கார்ல்.

"நிம்மி, படம் பாத்தேம்மா. நல்லா பண்ணியிருக்காரு. கறை மட்டும் வலது பக்கம் போயிடுச்சு, அது இடது பக்கம். மாப்ளேகிட்ட நீ ஒண்ணும் சொல்லாத, சங்கடப்படுவாரு. நான் சீக்கிரமா வந்து, எந்தப் பக்கம் வெச்சீங்கன்னு சும்மா கேக்கறேன். வலதுன்னு அவரே சொல்லட்டும். அது போதும் எனக்கு. ரெண்டு பேரும் உக்காந்து மாத்திக்கலாம்."

ஆறு வருஷத்தில் முதல் முறையாக அந்தச் சொல்லைக் கேட்டேன். மாப்ளே. என் முகத்துக்கு நேராக இல்லை. என்னிடம் வருவதற்கு மூன்று மணி நேரம் முன்னால், அவர் வீட்டுக் கொல்லையில், ஒரு சேவலின் எதிரில்.

நிம்மி என்னைப் பார்த்தாள். "மாமா கேட்டாராப்பா?"

"கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பெரிதாக்கிச் சொல்ல எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

ஹெல்மெட்டை எடுத்தேன். பத்திரிகையை எடுத்துச் சட்டைக்குள் வைத்துப் பட்டன் போட்டேன். மோலி ஒன்றும் கேட்காமல் சமையலறைக்குள் போய், பிரியாணியைச் சூடு பண்ணிக் கேரியரில் அடைத்து, ஸ்கூட்டர் கொக்கியில் தானே மாட்டினாள். கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"எங்கேப்பா போறீங்க?" என்று உள்ளேயிருந்து நிம்மி கேட்டாள்.

"வலது பக்கம்னு சொல்லிட்டு வரேன்."

வண்டியைக் கிளப்பும்போது மோலி என் கையைத் தொட்டாள்.

"வலதுன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த சேக்காதீங்க."

ஸ்ரீரங்கப்பட்டணம் போக முக்கால் மணி நேரமாவது ஆகும். ஒரே ஒரு வார்த்தை. வழி முழுக்க அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஊருக்கு முன்னால் ஆற்றுப் பாலம் வருவதற்குள் அது எட்டு வார்த்தையாகிவிட்டிருந்தது.